முழுப்பேர்

கொழும்பிலிருந்து இரங்கல் செய்தி வந்தது, அக்கா.
"ஏறத்தாழ நாற்பது ஆண்டுகால வானொலிச் சேவை" என்று ஆரம்பம்.
அதை நான் ஒலிபரப்பவில்லை.
நம் கலையகத்தில் நீங்கள் தடைசெய்த ஒரே சொல்
ஏறத்தாழ.

முப்பத்தேழு வருஷம், ஏழு மாதம்.
மஞ்சள்காமாலையில் கிடந்த பதினெட்டு நாளைக்
கழித்துவிட்டேன். நீங்களும் கழித்திருப்பீர்கள்.

நான் குரல் இல்லாதவன். கண்ணாடிக்கு இந்தப்புறம்
ஒலியை ஏற்றி இறக்கும் கை மட்டும்.
பண்டாரவளைத் தபால் கந்தோரின் மேல்மாடி,
சாக்குப் படுதா தொங்கும் அறை,
கீழே லொறி திரும்பினால் ஒலிவாங்கியும் நடுங்கும்.
முதல் வாரமே மேலதிகாரியின் கடிதம்:
"அறிவிப்பாளர் சலேத்மேரியின் பேச்சில்
தோட்டத்து வாடை அடிக்கிறது."
அதன் அடியிலேயே பதில் எழுதித் திருப்பி அனுப்பினீர்கள்:
"மைக்குக்கு மூக்கு உண்டுங்களா, ஐயா?"

அந்தி ஐந்தேகால்.
கொழுந்து நிறுத்துக் கூடையைக் கவிழ்த்த கையோடு கேட்பார்கள்.
தொலைந்த அடையாள அட்டை யாருடையது,
டிஸ்பென்சரியில் மருந்து இருக்கிறதா,
எந்த மடுவத்துத் தராசு இரண்டு கிலோ தின்கிறது.
அதைச் சொன்ன மறுநாள்
ஒரு துரை ஜீப்பில் வந்து படியேறினார்.
அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினீர்கள்,
சீனி எத்தனை கரண்டி என்று கேட்டு,
சரியாக அளந்து.

பிறகு அந்த மழை.
கல்லுமலைத் தோட்டம், கீழ் டிவிஷன்.
விடியுமுன் மலை இறங்கி வந்து
லயத்தின் மேல் படுத்துக்கொண்டது.
செய்திக்குறிப்பு சொன்னது: ஏறத்தாழ முப்பது பேர்.
அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு
மூன்று கட்டை நடந்தீர்கள்.
திரும்பியபோது மார்போடு ஒரு செக்ரோல்,
ஈரத்தில் மை பரவிய கடைசிப் பக்கம்.
முந்தின நாள் கொழுந்து குறைவு;
பாதிப் பேருக்கு நேராக
அரைப்பேர் என்று போட்டிருந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது.
"கல்லுமலை கீழ் டிவிஷன். முழுப்பேர் வாசிக்கிறேன்."
காம்பரா இலக்கம், பெயர், வயது.
செக்ரோலில் ஏறாத பிள்ளைகளையும்
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்திருந்தீர்கள்.
பதினோரு நிமிஷம்.
இசை இல்லை. நடுவில் ஒருமுறை
தண்ணீர் குடித்த சத்தம்.

தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன்.
"நிறுத்து" என்றது கொழும்பு.
அக்கா, இதை உங்களிடம் சொன்னதே இல்லை:
என் கை இறக்கியது.
ஒரே ஒரு பெயரின் நீளத்துக்கு.
பிறகு ஏற்றியதும் அதே கைதான்,
ஆனால் அந்தப் பெயர் போய்விட்டது.
நீங்கள் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.
கடைசி ஆளையும் வாசித்து, ஒரு மூச்சு விட்டு,
ஒன்பதாம் காம்பராவுக்குத் திரும்பினீர்கள்.
அதை மறுபடி வாசித்தீர்கள், சத்தம் கூட்டாமல்,
பிரட்டுக்களத்தில் காதில் விழாத ஒருத்தியை
இன்னொருமுறை கூப்பிடுவதுபோல.

வெளியே வந்து, "சாப்பிட்டியா, மருதை?" என்றீர்கள்.
அதோடு சரி. இருபத்தோரு வருஷம்.

நேற்று ஐந்தேகாலுக்கு நானே பேசினேன்.
ஒன்பதாம் காம்பரா, முனியாண்டி மகள் செவனம்மா,
வயது பத்தொன்பது.
பொன்னையா மகள் சலேத்மேரி, அறிவிப்பாளர்,
வயது அறுபத்திரண்டு.
அவ்வளவுதான் வந்தது.
குரல் பிசிறியது. கண்ணாடிக்கு அந்தப்புறம்
சரிசெய்ய ஆள் இல்லை.

இப்போது கல்லறை மேடு. தூறல்.
பத்திரிகைக்காரப் பையன் ஒருவன்
சுற்றிலும் பார்த்துவிட்டு எழுதப் போகிறான்.
அவன் எந்தச் சொல்லை எழுதுவான் என்று எனக்குத் தெரியும்.
பேனையைப் பிடித்துக்கொண்டேன்: "பொறு தம்பி."

குடைகளை எண்ணுகிறேன்.
ஒரு குடைக்குள் மூன்று பேர் நிற்கிறார்கள்.
குடை இல்லாமல் தேயிலைக்குள் கொஞ்சப் பேர்,
பாதி வேலையில் இறங்கி வந்தவர்கள்,
கூடை இன்னும் முதுகில்.
இன்றைக்கு அவர்களுக்கு அரைப்பேர்தான் விழும்.
நூற்று நாற்பதில் ஒரு பிள்ளை ஓடிவந்து குறுக்கே புகுந்தது.
முதலிலிருந்து எண்ணுகிறேன்.